பூசணி 10.9, சுரைக்காய் 3.3

அக்டோபர் 4, சனி

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸின் ரிமோட் இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு இயற்கை எய்தியது. கடைசி மூச்சு வரை ஒலியைக் கூட்டியும் குறைத்தும் உழைத்த அன்னார், பின்பக்க மூடியையும் அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டையும் ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்றார். அம்மா உள்ளங்கையில் நான்கு தட்டு தட்டிப் பார்த்தாள். பேட்டரியை வெயிலில் காயவைத்தாள். பலனில்லை. மரணத்தில் மர்மம் ஏதுமில்லை. நான் நான்கு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தியதுதான் காரணம் என்று அக்கா பரப்புவது வதந்தி.

உயிர் பிரியும்போது அது டிவியை ‘சட்ட அறிவிப்புகள்’ என்ற பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டது. எறும்பு ஊர்வது போல எழுத்து, தானாகவே மேலே நகர்கிறது. வேறு வழியில்லாமல் பார்த்தேன். பெயர்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள். எல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். நடுவில் திடீரென்று ஒன்று:

குண்டூசி. பதிப்புரிமை 2012, கா. சொர்ணவல்லி.

ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனால் சொர்ணவல்லியை எந்த எழுத்தில் எழுதினாலும் சொர்ணவல்லிதானே? எங்கோ கடல் தாண்டிச் செய்த பெட்டிக்குள் இவருக்கு என்ன வேலை?

அக்டோபர் 5, ஞாயிறு

குண்டூசி என்பது ஒரு குட்டி மென்பொருள். ஆயிரத்து நானூறு வரிதான். கால்குலேட்டரில் ஏழு கோடுகளால் எண் வருமே, அந்த எண்ணைச் சின்னச் சின்னத் திரைகளில் வரைவது மட்டும்தான் அதன் வேலை. செட்டாப் பாக்ஸின் முகத்தில் பச்சையாகச் சேனல் எண் தெரிகிறதே, அது இவர் வரைந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், விற்கிற பெட்டிக்குள் வைக்கலாம். ஒரே நிபந்தனை: எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பெயர் ஊர்வலம்.

அம்மா எந்தக் கருவியின் காகிதத்தையும் தூக்கி எறிய மாட்டாள். பீரோவுக்கு அடியில் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாம் கிடக்கும். லெனினும் நானும் அதைத் தரையில் கொட்டினோம். (லெனின் என் வகுப்புத் தோழன். அவன் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மண்டி.) மின் அடுப்பின் காகிதத்தில், கடைசிப் பக்கம், பொடி எழுத்தில்: கா. சொர்ணவல்லி. காய்ச்சல் பார்க்கும் கருவி: கா. சொர்ணவல்லி. லெனின் வீட்டுக்கு ஓடிப்போய் மண்டித் தராசின் காகிதத்தைக் கொண்டுவந்தான். அதிலும்!

“மாப்ள, இந்தம்மா ஒலகத்தையே வளைச்சுப் போட்ருக்குடா” என்றான்.

அவருடைய திட்டத்தின் பக்கத்தைத் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். என் தமிழில்: “ராமநாதபுரம் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வேலை. மாலை ஆறு முதல் எட்டு வரை குண்டூசி. இது எத்தனை கருவிகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்கிறவர்கள் சொல்லிவிட்டு எடுப்பதில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.”

அந்த வரிகளை நான் மூன்று முறை சத்தமாகப் படித்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் கருவி, சொர்ணவல்லி வரைந்த எண்ணில் 98.4 காட்டியது.

பக்கத்தின் அடியில் ஒரு நன்றிப் பட்டியல். பிழை கண்டு சொன்னவர்கள், முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டாவது பெயர் யுகேந்திரன், பிளஸ் ஒன், ஒட்டன்சத்திரம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 8, புதன்

எனக்கு நிரல் எழுதத் தெரியாது என்பது ஒரு சிறிய தடை. ஏஐ எதற்கு இருக்கிறது? ஆயிரத்து நானூறு வரியையும் அதன் வாயில் போட்டு, “பயங்கரமான பிழை ஒன்று கண்டுபிடி” என்றேன். ஒன்று கேட்டதற்கு மூன்று கொடுத்தது. ‘மிக அபாயம்’, ‘உடனடி நடவடிக்கை தேவை’ என்று தலைப்பே தீப்பிடித்து எரிந்தது.

குறை தெரிவிக்கும் பக்கத்தில் ஒன்றை என் பெயரில் போட்டேன். அதே சமயத்தில் டாக்டர் பார்த்தசாரதி என்பவரும் மிஸ் ரோசலிண்ட் என்பவரும் ஆளுக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். யாரோ பெரிய மனிதர்கள். எனக்குப் பழக்கமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பதில் வந்துவிட்டது! சொர்ணவல்லியே! “நன்றி. நான்கு மாலையாக முயன்று பார்த்தேன். நீங்கள் சொல்வது போல நடக்கவில்லை. 812-ஆம் வரியில் இருப்பதாக நீங்கள் சொல்லும் பகுதி என்னிடம் எங்குமே இல்லை. எந்தக் கருவியில் பார்த்தீர்கள்?”

இதை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, அது தந்ததை அப்படியே ஒட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கடைசி வரியைக் கவனித்தேன்: “இந்தப் பதிலை இன்னும் மரியாதையான தொனியில் மாற்றித் தரட்டுமா?”

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து: “வேண்டாம். இந்த மரியாதையே தாங்கவில்லை.”

லெனின் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. நான்கு மாலை என்று எழுதியிருந்தாரே, அது ஒரு பேச்சுக்காகத்தான் இருக்கும்.

அக்டோபர் 15, புதன்

அக்கா ஜெயரூபி இந்த வருடம்தான் கிராம சுகாதாரச் செவிலியராக மேலக்கரட்டூரில் வேலைக்குச் சேர்ந்தாள். புதன்கிழமை தடுப்பூசி நாள். சாப்பிடும்போது புதன் புராணம் கேட்டே ஆக வேண்டும்.

“பத்து மாசப் பய ஒருத்தன், பத்தே முக்காலுக்கு மேல. 10.9. தூக்குறதுக்குள்ள இடுப்பு போச்சு. அவனுக்கு அடுத்து கௌசல்யா பிள்ள. ஒன்ற மாசம். பொறந்தப்ப பூனைக்குட்டி மாதிரி இருந்துச்சுல்ல? இன்னைக்கு 3.9! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.”

“நீ அழுத தண்ணியும் சேந்து எடை காட்டிருக்கும்” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வெடி நமத்தது, முறுக்கு நமத்தது, லெனினின் புதுச் சட்டை சாயம் போனது. நான் மட்டும் காய்ந்துகொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டாவது இடம் இன்னும் காலி.

அக்டோபர் 25, சனி

குண்டூசிப் பக்கத்தில் அறிவிப்பு:

“இந்த மாதம் நாற்பத்தேழு குறைகள் வந்தன. இயந்திரத்திடம் எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். முதல் பாதியை வரிக்கு வரி சோதித்தேன். அனைத்தும் பொய். மீதியைத் தலைப்பை மட்டும் பார்த்து மூடிவிட்டேன். உலகம் முழுக்க இப்படிச் சின்னத் திட்டங்கள் வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். எனக்கும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. இன்றோடு இந்தப் பக்கம் மூடப்படுகிறது. உண்மையான குறை உள்ளவர்கள் என் தபால் நிலைய முகவரிக்கு அஞ்சலட்டையில் கையால் எழுதவும்.”

நாற்பத்தேழில் மூன்று என்றால் சதவீதம் ரொம்பக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு சொச்சம்தான்.

என் கணக்கையும் முடக்கிவிட்டார். டாக்டரையும் மிஸ்ஸையும் கூட.

அக்டோபர் 29, புதன்

அக்கா சாப்பிடவில்லை.

கௌசல்யா தன் குழந்தையைச் சளிக்காகத் தூக்கிவந்திருக்கிறாள். எடை 3.4. இரண்டு வாரத்துக்கு முன்னால் 3.9. அரைக் கிலோ எங்கே போனது? ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு எடை போட்டியா, இல்ல குத்துமதிப்பா எழுதினியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். எழுத்தில் விளக்கம் தர வேண்டும். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான்.

“அது போகட்டும்மா” என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். “கௌசல்யா கேக்குறா, எம் பால் பத்தலையாக்கான்னு. அவ மாமியா பக்கத்துலயே நின்னு, ‘இவ உடம்புல என்ன இருக்கு, பிள்ளைக்கு எறங்க’ங்குது. நான் என்னத்தச் சொல்றது? என் நோட்டுதான சாட்சி?”

நகைச்சுவையாகச் சொல்ல ஒன்றிரண்டு தோன்றியது. அக்காவின் தட்டை மூடி வைத்தேன்.

நவம்பர் 1, சனி

அக்கா நோட்டைப் போனில் படம் எடுத்து வந்து காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய் யுகே, இங்க பாரு. மேல 10.9. அதுக்குக் கீழ 3.9. ரெண்டுலயும் கடைசில ஒம்போது. மேல இருக்குறது கீழ எறங்கின மாதிரி இல்ல?”

நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்: பழைய எண் அழியவில்லை! 3-க்கு இடது தோளில் ஒரு கோடு போட்டால் 9. அந்த ஒற்றைக் கோடு அழியாமல் நின்றிருந்தால் 3.3 என்பது 3.9 ஆகிவிடும். என் மூளையை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

“சந்தேகம்தான். நிரூபிக்கணுமே” என்றாள் அக்கா. “மறுபடி அந்தப் பயலையும் இந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு வச்சு வெளாட முடியுமா?”

“எதுக்குக்கா பிள்ள?” என்றான் லெனின். “எங்க மண்டியில எல்லா சைஸ்லயும் பூசணி இருக்கு.”

நவம்பர் 2, ஞாயிறு

என் யோசனைப்படி பூசணிக்காய் எடுத்துப் போனோம். லெனினின் டிவிஎஸ் வண்டியில் முன்னால் பூசணி, பின்னால் நான், மடியில் சுரைக்காய்கள். மேலக்கரட்டூரில் ஒரு கிழவர், “யாரு வீட்டு விசேசம்ப்பா?” என்று கேட்டார்.

அக்கா துணை சுகாதார நிலையத்தைத் திறந்தாள். குழந்தைத் தராசு நீலத் தொட்டில் மாதிரி இருந்தது. குழந்தை துள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், எடை நிலையாக நின்ற பிறகுதான் அதில் எண் மாறும். அதுவரை, தொட்டில் காலியானாலும், முந்தைய எண்ணே நிற்கும். பூசணி பதினொன்றே கால் இருந்தது. லெனின் கத்தியால் ஒரு கீற்று வெட்டினான். 11.0. இன்னொரு மெல்லிய கீற்று. 10.9. எடுத்தோம். இரண்டு சுரைக்காய்களை வைத்தோம்.

3.9.

அக்கா சுரைக்காய்களை எடுத்தாள். தராசை அணைத்து மறுபடி போட்டாள். அதே சுரைக்காய்கள், அதே இடம்.

3.3.

இருபத்தாறு முறை செய்து பார்த்தோம். பத்துக்கு மேல் ஓர் எண் வந்து, அடுத்து பத்துக்குக் கீழே ஓர் எண் வந்தால், கடைசி இலக்கத்தின் பழைய கோடுகள் அழிவதில்லை. அந்த வரிசையில் மட்டும். வேறு எப்படி வைத்தாலும் சரியாக இருக்கிறது. மண்டியில் இது நடக்காது. மூட்டைக்கு மூட்டை தராசு பூஜ்யத்துக்குப் போய் வரும். ஒரு குண்டுப் பயலும் ஒரு பூனைக்குட்டியும் அடுத்தடுத்து ஏறும் தராசில்தான் நடக்கும்.

மேசை இழுப்பறையில் தராசின் காகிதம் இருந்தது. புரட்டினேன். கடைசிப் பக்கம். பொடி எழுத்து.

கா. சொர்ணவல்லி.

ஜன்னலுக்கு வெளியே மழை. எத்தனை ஊர்களில் எத்தனை நீலத் தொட்டில்கள் என்று யோசித்தேன். யோசனை போய்க்கொண்டே இருந்தது, நிற்கிற இடம் தெரியவில்லை. அக்கா ஒரு காகிதத்தில், “குண்டுக் குழந்தைக்குப் பிறகு அணைத்துப் போடவும்” என்று எழுதித் தராசில் ஒட்டினாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. எடை போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அஞ்சலட்டை எவ்வளவு சின்னது என்று யாரும் எச்சரிக்கவில்லை. நான்கு அட்டைகள் வீணாயின. ஐந்தாவதில் எழுதியது: “பூசணி 10.9, பிறகு சுரைக்காய் 3.3. தராசு காட்டுவது 3.9. அணைத்துப் போட்டால் 3.3. இருபத்தாறு முறை சரிபார்த்தோம். இது குழந்தைத் தராசு. ஒரு குழந்தையின் எடை தவறாகப் பதிவாகிவிட்டது. இதற்கு முன் நான் அனுப்பிய குறை பொய். இது பொய்யில்லை. யுகேந்திரன்.” ஓரத்தில் அக்காவின் போன் எண்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். விழுந்துவிட்டதா என்று.

நவம்பர் 8, சனி

மாலை ஆறேகாலுக்கு அக்காவின் போன் அடித்தது. அக்கா கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“யுகேந்திரனா? சொர்ணவல்லி பேசுறேன். கார்டு இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. நானே தரம் பிரிக்கிறப்ப என் பேருக்கே ஒண்ணு. ஏம்ப்பா, பூசணியா, பரங்கியா?”

“பூசணிங்க மேடம்.”

“அதானே. ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒக்காந்து பாத்தேன். நீ சொன்ன மாதிரியே வருது. எண்ணு ஒரு எலக்கம் கொறையுறப்ப, அழிக்கிற எடத்துல ஒண்ணு கம்மியா எண்ணிட்டேன். கடைசி எலக்கம் விட்டுப் போச்சு. பதிமூணு வருசமா அங்கனயே கெடந்துருக்கு.”

“உங்க தப்பு இல்லீங்க மேடம், அந்தத் தராசு செஞ்ச கம்பெனிக்காரன்...”

“என் தப்புதான் தம்பி. என் பேரு போட்ருக்குல்ல?”

நான் அந்த நிபந்தனையைப் பற்றி இத்தனை நாள் என்ன நினைத்திருந்தேன்? பெயரை அழிக்கக் கூடாது என்றால் புகழுக்காக என்றுதானே!

“அந்தப் பிள்ள எப்புடி இருக்கு?” என்று கேட்டார். அக்கா வாங்கிச் சொன்னாள்: உண்மையில் எடை குறையவில்லை, ஆனால் ஏற வேண்டிய அளவு ஏறவும் இல்லை, இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்தால் அப்போதே கவனித்திருக்கலாம், இப்போது டாக்டரம்மாவே நேரில் பார்க்கிறார். போன் மறுபடி என்னிடம் வந்தது.

“சரிப்பா. டாக்டர் பார்த்தசாரதியும் மிஸ் ரோசலிண்டும் சௌக்கியமா?”

“யாருங்க மேடம் அவங்க?”

“ஒங்கூட ஒரே நிமிசத்துல கணக்கு ஆரம்பிச்சவங்க.”

“ஹலோ? ஹலோ? டவர் இல்லீங்க மேடம்.”

நவம்பர் 10, திங்கள்

ஒரே ஒரு வரியை மாற்றினார். சனிக்கிழமை இரவே போட்டுவிட்டார். கூடவே ஒரு சோதனை: இனி யார் குண்டூசியில் எதை மாற்றினாலும் கணினி முதலில் இதைச் செய்துபார்த்து, சரியாக வந்தால்தான் உள்ளே விடும். சோதனையின் பெயர்: ‘பூசணி 10.9, சுரைக்காய் 3.3’. தமிழிலேயே எழுதியிருக்கிறார். உலகத்தில் எவன் கை வைத்தாலும் எங்கள் ஒட்டன்சத்திரத்துப் பூசணியைத் தாண்டித்தான் போக வேண்டும்!

நன்றிப் பட்டியலில் முப்பத்திரண்டாவது பெயரும் ஏறிவிட்டது. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இயற்பியல் சார் கைகொடுத்தார்.

தராசுக் கம்பெனிக்கும் அவரே எழுதியிருக்கிறார். ஆள் வந்து ஒவ்வொரு தராசாகப் புது மென்பொருள் ஏற்ற வேண்டுமாம். அதுவரை அக்காவின் காகிதம்.

நவம்பர் 13, வியாழன்

அந்தத் திருத்தத்துக்குக் கீழே எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். ஒரு மீன் சந்தையிலிருந்து, ஒரு பால் பண்ணையிலிருந்து, பெயரே கேள்விப்படாத தீவின் மருத்துவமனையிலிருந்து. “எங்களிடமும் இருந்தது, நாங்களே ஏற்றிக்கொண்டோம், சரியாகிவிட்டது, நன்றி.” ஒருவர் கேட்டிருந்தார், சுரைக்காய் என்றால் என்ன என்று. சொர்ணவல்லி படம் போட்டிருக்கிறார். லெனின் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “முத்தல் காயி” என்றான்.

நவம்பர் 16, ஞாயிறு

சொர்ணவல்லியின் குறிப்பு: “நாற்பத்தேழையும் மறுபடி திறந்து, ஒன்று விடாமல் படித்தேன். அனைத்தும் பொய் என்று எழுதியது தவறு. இருபத்தொன்பதாவது உண்மை. பொலிவியாவின் மலை ஊரிலிருந்து ஒரு செவிலியர் அனுப்பியது. இதே பிழைதான். தேதி அக்டோபர் 10. அந்த வாரம் வேறு மூன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்காமல் மூடினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.”

இன்று மழை. வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை.

நவம்பர் 26, புதன்

அக்டோபர் 8-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். ஆனால் குண்டூசியில் எதையும் கிழிப்பதில்லை. பதிமூன்று வருடத் தவறு அப்படியே இருக்கிறது, அதன் மேல் தேதியோடு திருத்தம் இருக்கிறது. அதனால் நானும்.

டாக்டர் பார்த்தசாரதி நான். மிஸ் ரோசலிண்டும் நான். அக்டோபர் 10-ஆம் தேதி அந்தச் செவிலியர் எழுதியதை சொர்ணவல்லி படித்திருந்தால், 15-ஆம் தேதி அக்காவின் தராசுக்கு மேல் அந்தக் காகிதம் இருந்திருக்குமோ இல்லையோ, தெரியாது. ஆனால் அவர் படிக்காததற்குக் காரணம் தெரியும். அந்த நான்கு மாலையும் என்னிடம் இருந்தன. போன வாரமே ஒரு கார்டில் இதை எழுதி, பட்டியலையும் திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த முறை ஒரே அட்டையில் முடிந்தது.

இரண்டு ஒன்பதையும் பார்த்தது அக்கா. பூசணி லெனினின் யோசனை. நான் பூசணியைத் தூக்கினேன். அதையும் ஒருமுறை கீழே போட்டேன். இப்போது முப்பத்திரண்டாவது பெயர் என்னுடையது அல்ல: ஜெயரூபி, செவிலியர், மேலக்கரட்டூர். முப்பத்து மூன்றாவது அந்த பொலிவியாக்காரர். முப்பத்து நான்கை நான் கேட்கவில்லை. கேட்டேன். போனில் இரண்டு முறை. “மெய்யா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டு வா தம்பி, எடம் அங்கனதான் இருக்கும்” என்றார். இயற்பியல் சாரிடம் நாளை சொல்ல வேண்டும். கைகொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்னவோ.

இன்று மழை விடுமுறை என்பதால் அக்காவோடு போயிருந்தேன். டாக்டரம்மா நோட்டில் அக்டோபர் 15-ஆம் தேதிக்கு எதிரே, ‘தராசுப் பிழை’ என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கௌசல்யா வந்தாள். அக்கா தராசை அணைத்துப் போட்டாள். மனசு கேட்காமல் இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள். குழந்தையைப் படுக்க வைத்தாள். அது என்னைப் பார்த்துக் காலை உதைத்தது. எண் நின்றது.

3.9.

ஒரு கோடும் மிச்சமில்லாத, சொந்த ஒன்பது. கௌசல்யா அதைத் தன் மாமியாரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

கடைசியாக ஒன்று. ரிமோட் இயற்கை எய்தவில்லை. நான் அழுத்தியது நான்கு பொத்தான் அல்ல, ஆறு.